இரண்டரை அடிக்குள் ஒரு குளியல்: வேன் பாத்ரூம் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேனை வீடாக்கி ஊர் சுற்றுவது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் படுக்கையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் எல்லோரும் கேட்டது குளிக்கிற இடமும் கக்கூஸும். காலையில் தலையில் ரெண்டு செம்பு வெள்ளம் விழாவிட்டால் நமக்கு நாள் தொடங்காது, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. இந்த முறை முழுக்க அதுதான். எல்லாக் கேள்விகளும் குமரி மாவட்டத்தில் இருந்து வந்தவை.

கேள்வி: என்னிடம் பழைய வேன் ஒன்று இருக்கிறது. உள்ளே நீளம் 11 அடி, அகலம் 5 அடி 9 அங்குலம், உயரம் 6 அடி. நானும் மனைவியும்தான். பாத்ரூமுக்கு 3 அடிக்கு 4 அடியாவது வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். சரியா? (தக்கலை வாசகர்)

பதில்: அது வீட்டுக் கணக்கு. உங்கள் வேனின் தரை மொத்தமே 63 சதுர அடி. அதில் 12 சதுர அடியை, ஐந்தில் ஒரு பங்கை, நாளில் அரைமணி நேரம் பயன்படுகிற இடத்துக்குக் கொடுத்துவிட்டால் மீதி நேரமெல்லாம் நீங்களும் மனைவியும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடப்பீர்கள். 2 அடி 8 அங்குலத்துக்கு 2½ அடி போதும், அது பத்தில் ஒரு பங்குதான். குளிக்க ஓர் இடம், கக்கூஸுக்கு ஓர் இடம் என்று பிரிக்க வேண்டாம், ரெண்டும் ஒரே அறை, சுவர் முழுக்க நனைந்தாலும் கவலையில்லாத அறை.

கேட்டால் சின்னதாகத்தான் தோன்றும். அதனால் யார் சொல்வதையும் நம்பாமல், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பிரிட்ஜ் விற்கிற கடையில் பெரிய அட்டைப்பெட்டி ரெண்டு கேட்டு வாங்குங்கள். அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி மொட்டை மாடியில் நிறுத்தி, உள்ளே போய்க் குளிப்பது போலவே எல்லாவற்றையும் செய்து பாருங்கள். சும்மா நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷாம்பூ போடுவது போல ரெண்டு முழங்கையையும் தூக்குங்கள், குனிந்து பாதம் தேயுங்கள், கீழே விழுந்த சோப்பை எடுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். இடிக்கிற இடத்தில் பேனாவால் ஒரு குறி போடுங்கள். நான் இப்படிச் செய்தபோது குறிகள் எல்லாம் தோள் உயரத்தில்தான் விழுந்தன, முழங்காலுக்குக் கீழே மூலைகளில் இடம் சும்மா கிடந்தது. அதற்கப்புறம் சோப்புத் தட்டு, குழாய், கண்ணாடி அலமாரி என்று தோளுக்கு எதிரே வைக்க நினைத்த எல்லாவற்றையும் அங்கிருந்து நகர்த்திவிட்டேன்.

உயரம் 6 அடி என்றால், தரைச் சரிவுக்கும் கூரை இன்சுலேஷனுக்கும் மூன்று அங்குலம் போய்விடும். தலை இடித்தால் கூரையை வெட்டி உயர்த்தக் கிளம்பாதீர்கள். மூடி போட்ட கக்கூஸ் மேலேயே உட்கார்ந்து வாளியில் இருந்து கோரிக் குளியுங்கள். நின்று ஷவரில் குளிப்பதை விட வெள்ளமும் குறைவாகத்தான் செலவாகும்.

கேள்வி: 12 மி.மீ. பிளைவுட் அடித்து மேலே டைல்ஸ் ஒட்டினால் வீட்டு பாத்ரூம் மாதிரியே இருக்கும் என்று எங்கள் ஆசாரி சொல்கிறார். செய்யலாமா அண்ணாச்சி? (வடசேரி வாசகர்)

பதில்: வேண்டாம். என் முதல் வேனில் நான் செய்தது இதேதான். முதல் மாதம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்ததும் ரெண்டு டைல்ஸுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு கீறல், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம் கழித்து காலடியில் தரை மெத்தென்று அமுங்கியது. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து ஊறிப்போயிருந்தது, அதற்குக் கீழே வண்டியின் தகடு விரலால் அழுத்தினாலே பொரிந்து வந்தது. வீடு அசையாது, வண்டி ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், டைல்ஸால் அதற்கு வளைந்து கொடுக்க முடியாது. கடற்கரை உப்புக்காற்றில் ஓடுகிற வண்டிக்குள் ஈரமும் நின்றுவிட்டால் துரு எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடையையும் பாருங்கள். இந்தச் சின்ன அறைக்கே தரையும் மூன்று சுவரும் சேர்த்தால் 5 சதுர மீட்டரை நெருங்கும். சாதாரண டைல்ஸ் சதுர மீட்டருக்கு 16 கிலோ அளவில் இருக்கும், ஒட்டுகிற பசையையும் சேர்த்தால் மொத்தம் 100 கிலோவை நெருங்கும்.

நம் மாவட்டத்தில் இதற்கு நல்ல வழி கையருகே இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஃபைபர் வள்ளங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிற கைகாரர்கள் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். கடலில் அலை அடிக்கிற வள்ளத்துக்குள் வெள்ளம் புகாமல் வைக்கத் தெரிந்தவருக்கு, வெள்ளம் வெளியே கசியாத ஒரு தொட்டி செய்வது பெரிய வேலையா என்ன? தரையையும் நாலு பக்கமும் 4 அங்குல விளிம்பையும் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்யச் சொல்லுங்கள். மரத்தில் மோல்டு செய்து, மெழுகு பூசி, மேலே ஜெல்கோட் என்கிற பளபளப்பான மேல்பூச்சு, அது இறுகியதும் 450 கிராம் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ரெசின் ஊற்றி ரோலரால் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். மூலைகளை வளைவாக விடச் சொல்லுங்கள், கூர்மையான மூலையில் மேட் படியாது, உள்ளே காற்று நின்றுவிடும், நாளைக்கு விரிசல் விடப்போவது அந்த இடம்தான். வளைவான மூலையில் அழுக்கும் சேராது. மூன்று அடுக்கு ஃபைபர் சதுர மீட்டருக்கு நாலு, நாலரைக் கிலோதான், ஆக முழு அறையும் 25 கிலோவுக்குள் முடியும்.

சுவருக்கான ஃபைபர் தகடு தொட்டி விளிம்பின் உள்பக்கமாக இறங்கி நிற்க வேண்டும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கிறதே, அதே கணக்கு. அப்படி இருந்தால் இடுக்கில் அடிக்கிற சிலிகான் பசை என்றைக்காவது விட்டுப்போனாலும் வெள்ளம் தொட்டிக்குள்தான் விழும். விளிம்புக்கு வெளியே தகட்டை வைத்து இடுக்கில் சிலிகான் அடித்து முடித்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எப்போது கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் உள்ள கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறிப் பழுதுபார்ப்புக்கு நிற்கிற அந்த மாதங்களில் உங்கள் தொட்டிக்கு யாருக்கும் நேரம் இருக்காது. மழை ஈரத்தில் ரெசின் சரியாக இறுகவும் செய்யாது. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால் ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் தோது. வார்த்த பிறகு ரெண்டு வாரமாவது வெயிலும் காற்றும் படவிட்டு, ரெசின் வாடை போன பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: எனக்கு இடுப்பு வரை முடி. வாரத்தில் ரெண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். வேனில் எவ்வளவு தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும்? (குளச்சல் வாசகி)

பதில்: உடம்புக்கு மட்டும் என்றால் 6 முதல் 8 லிட்டர் தாராளம். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலச வேண்டும். வீட்டு ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் கொட்டும் என்பதால் அதை அப்படியே கொண்டுவந்து மாட்டாதீர்கள். கைப்பிடியில் அழுத்தினால் மட்டும் வெள்ளம் வருகிற ஷவர் வாங்குங்கள், கை எடுத்தால் நின்றுவிடும், யாரும் யாரையும் ‘குழாயை மூடு’ என்று கத்த வேண்டியதில்லை. 12 வோல்ட் பம்ப் ஒன்று போதும், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வலை வடிகட்டி கட்டாயம்.

எண்ணெய்க் குளியலுக்கு 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் சீயக்காய் முடியிலேயே நிற்கும். அந்த நாளை கையில் வெள்ளம் நிறைய இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. சீயக்காய்த் தூளும் எண்ணெயும் முடியும் சேர்ந்தால் வடிகுழாயை அடைத்துவிடும், வடிகாலில் கையால் எடுத்துக் கழுவுகிற மாதிரி ஒரு சல்லடை போடுங்கள். கடற்கரைக்குப் போய் வருகிறவர்கள் மணலை உள்ளே கொண்டுவராமல் இருக்க, பின்கதவுப் பக்கம் கால் கழுவ ஒரு சின்னக் குழாய் தனியாக வையுங்கள்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்க் வைத்தால் கூடவே ஒன்றரை ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. டேங்கை சக்கர அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக, குறுக்கே தடுப்பு உள்ளதாக வையுங்கள். ரெண்டு பேருக்கு 60 லிட்டர் நல்ல அளவு, குடிக்கிற கேன் அதில் சேராது.

கேள்வி: வெளிநாட்டு வண்டிகளில் கேசட் டாய்லெட், உலர் டாய்லெட் என்றெல்லாம் சொல்கிறார்கள். வெள்ளம் விட்டுக் கழுவுகிற நமக்கு எது ஒத்துவரும்? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, யாரும் நேராகக் கேட்காத கேள்வி. கேசட் என்பது கீழே இழுத்து எடுக்கக்கூடிய பெட்டி உள்ள கக்கூஸ், பெட்டியின் கொள்ளளவு 20 லிட்டர் அளவில் இருக்கும். காகிதத்தால் துடைக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. நாம் கழுவுகிற வெள்ளமும் அதே பெட்டிக்குள்தான் போகும். சிறுநீர், கழுவுவது, அலசிவிடுவது எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ரெண்டு பேருக்கு ரெண்டு நாளில் பெட்டி நிறைந்துவிடும். ரெண்டு நாளுக்கு ஒருமுறை வீட்டிலோ நல்ல பொதுக் கழிப்பறையிலோ கொண்டுபோய் ஊற்ற முடியும் என்றால் கேசட்தான் சுலபம். உள்ளே விடுகிற மருந்து வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அது செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

உலர் கக்கூஸில் சிறுநீர் முன்பக்கம் ஒரு கேனுக்கும், மலம் பின்பக்கம் ஒரு வாளிக்கும் பிரிந்து போகும். ரெண்டும் கலக்காமல் இருந்தாலே நாற்றம் பெரும்பாலும் போய்விடும். மலத்தின் மேல் உலர்ந்த தூள் தூவ வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிற தென்னை நார்த்தூள் நமக்குக் கதம்பல் (தேங்காய் மட்டை) அடிக்கிற இடத்தில் கேட்டாலே கிடைக்கும், வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் கழுவுகிற வெள்ளம் அந்த வாளிக்குள் விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகும். திருச்சி மாவட்டம் முசிறியில் கட்டிய எக்கோசான் என்கிற உலர் வகைக் கழிப்பறைகளில் இதற்காகவே கழுவத் தனி இடம் விட்டிருக்கிறார்கள். போய் முடித்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவ வேண்டும். வேனுக்குள் நகர இடமில்லை என்பதால், கழுவும்போது வைக்க மூடியுள்ள ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. கொஞ்ச நாள் பழக வேண்டும். குளியல் தரையிலேயே கழுவிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அப்படிச் செய்தால் குளித்த வெள்ளம் போகிற டேங்கும் மலக் கழிவு டேங்காக மாறிவிடும், அதை எங்கேயும் திறந்துவிட முடியாது.

இன்னொன்று. எந்த வகையாக இருந்தாலும் பெட்டியை ஆற்றிலோ கால்வாயிலோ கடற்கரையிலோ ஊற்றாதீர்கள். திற்பரப்பில் குழந்தைகள் இறங்கிக் குளிக்கிற அதே ஆற்றின் மேலே நின்று இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

கேள்வி: வேன் பாத்ரூம் கட்டி ஆறு மாதம் ஆகிறது. நிறுத்தி வைத்தால் வாடை இல்லை, ஓட்டிக்கொண்டு போனால் வடிகாலில் இருந்து நாறுகிறது. வெள்ளமும் ஒரு மூலையில் தேங்குகிறது. (திங்கள்சந்தை வாசகர்)

பதில்: வீட்டுத் தரை வடிகாலில் போடுகிற ஃப்ளோர் ட்ராப்பைத்தான் வைத்திருப்பீர்கள் தம்பி. அதன் வளைவில் நிற்கிற கொஞ்சம் வெள்ளம்தான் நாற்றத்தைத் தடுக்கிறது, வண்டி குலுங்கும்போது அது சிதறிப் போய்விடுகிறது. வடிகுழாயில் ஒரு பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பி மூடுகிற அடைப்பான்) போட்டு, குளித்து முடித்து வடிந்ததும் மூடிவிடுங்கள், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கழிவு டேங்கின் காற்றுக்குழாயை ஜன்னலுக்குப் பக்கத்தில் விட்டிருந்தால் அதையும் வேறு பக்கம் மாற்றுங்கள்.

வெள்ளம் தேங்குவது சரிவுப் பிரச்சினை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பம்ப் இல்லாமல் வெள்ளம் ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குப் போவது சரிவினால்தான். ஆனால் பாலம் ஒரே இடத்தில் நிற்கிறது, உங்கள் வண்டி ஒருநாள் மூக்கு உயர்ந்தும் ஒருநாள் இடப்பக்கம் சாய்ந்தும் நிற்கும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, எதிரெதிர் மூலையில் ரெண்டு வடிகால் வைத்தால் எப்படி நின்றாலும் ஒன்று வேலை செய்யும். இப்போது தரையை உடைக்க மனமில்லை என்றால் இன்னொரு மூலையில் ஓட்டை போட்டு அதே குழாயில் இணைத்துவிடலாம்.

கேள்வி: ஊட்டிக்குப் போக ஆசை. வேன் பாத்ரூமில் கேஸ் கீசர் வைக்கலாமா? (கன்னியாகுமரி வாசகர்)

பதில்: கூடாது. 2½ அடி அறையில் கேஸ் எரிந்தால் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலை சுற்றுகிறதே என்று நினைக்கும்போது கதவைத் திறக்கக் கையில் வலு இருக்காது. வீடுகளிலேயே இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

கேஸுக்குப் பதில் மின்சாரத்தில் சூடாக்குவதென்றால், 5 லிட்டர் வெள்ளத்தை 20 டிகிரியில் இருந்து 70 டிகிரிக்குக் கொண்டுபோக 0.3 யூனிட் மின்சாரம் ஆகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுசாக இருந்தாலே 1.2 யூனிட்தான், அதில் கால்வாசி ஒரே குளியலில் போகும். ஓட்டிக்கொண்டு வந்த நாளில் பேட்டரி நிறைந்திருக்கும், அன்றைக்குச் செய்யலாம். இல்லாவிட்டால் அடுப்பில் ஒரு பெரிய கெட்டிலில் கொதிக்க வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான், வாளியில் பச்சைத் தண்ணீரோடு விளாவிக் கோரிக் குளியுங்கள்.

கூரையில் 4 அங்குல பி.வி.சி. குழாயை 6 அடி நீளத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் போட்டால் 15 லிட்டர் பிடிக்கும், வெயில் நாளில் மாலைக்குள் நல்ல வெதுவெதுப்பு வரும். வெள்ளம் தானாக இறங்கட்டும். வேகமாக வர வேண்டும் என்று சைக்கிள் பம்பால் காற்று அடிக்காதீர்கள், வெயிலில் இளகிய குழாய் வெடித்துவிடும்.

கேள்வி: கதவா, திரையா? பின்கதவைத் திறந்து வைத்து வெளியே குளிப்பது எப்படி? ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா? (ஆரல்வாய்மொழி வாசகர்)

பதில்: திரைதான். இடத்தை அடைக்காது, முழங்கைக்கு வழிவிடும். ஆனால் அடிப்பக்கம் தொட்டிக்குள் தொங்க வேண்டும், ஓரத்தில் கனம் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்கதவுக் குளியல் அணைக்கட்டுப் பக்கம் ஆளில்லாத இடத்தில் சரி, முப்பந்தல் காற்றைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் திரை அங்கே நிற்காது என்று தெரியும். பெண்கள் இருக்கிற வண்டியில் உள்ளே ஓர் அறை கட்டாயம் வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அனுமதி விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆணி அடிப்பதற்கு முன்னால் உங்கள் வண்டி பதிவான நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: எழுபது வயது அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும். முட்டு வலி உண்டு. இவ்வளவு சின்ன அறையில் சமாளிப்பார்களா? (கொட்டாரம் வாசகி)

பதில்: சின்ன அறை என்பதே அவர்களுக்கு ஒரு விதத்தில் நல்லது, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவர் இருக்கும். உட்காருகிற உயரம் 18 அங்குலம் வையுங்கள், அதற்குக் கீழே போனால் எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள். தொட்டி விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதுதான் ஆபத்தான இடம், வாசல் பக்கம் மட்டும் விளிம்பை 2½ அங்குலமாகக் குறைக்கச் சொல்லுங்கள். தரையில் ஜெல்கோட் பளபளப்பாக விடாமல் மேலே சன்னமான மணல் தூவி இறுக வைத்தால் வழுக்காது.

கைப்பிடிதான் முக்கியம். ஸ்டீல் பிடியை வெறும் தகட்டில் திருகினால் ஒருநாள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், சுவரை மூடுவதற்கு முன்னாலேயே பின்னால் ஒரு மரக்கட்டை வைத்து வண்டியின் சட்டத்தோடு இறுக்க வேண்டும். எந்த இடத்தில் வைப்பது என்று ஆசாரியிடம் கேட்காதீர்கள். அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போய்ப் பிடி தேடுகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். ரெண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், காலையில் ஒருமுறை, முட்டு பிடித்துக்கொள்கிற சாயங்காலத்தில் ஒருமுறை. ரெண்டு குறியும் வேறாக விழுந்தால் சாயங்காலக் குறியில் பிடியை வையுங்கள்.